பாசிக்குக் கால் போன வருடம்

பாசித் தொட்டிகளில் கைவிட்டு வேலை செய்த நாற்பத்தொரு பேருடைய பசியும் அந்த வருடம் தண்ணீரில் கரைந்துபோனது. அச்சகத்தில் ஒரு கால் விட்டுப்போனதுதான் காரணம். ஆளின் கால் இல்லை, எழுத்தின் கால். புட்டியில் ஒட்டுகிற சீட்டில் ‘பாசி மாத்திரை’ என்று வரவேண்டிய இடத்தில் ‘பசி மாத்திரை’ என்று எண்பதாயிரம் சீட்டு அடித்து அனுப்பிவிட்டார்கள். பிழை பார்க்க வேண்டியவர் அன்றைக்குப் பல் பிடுங்கப் போயிருந்தார். சீட்டு வந்து இறங்கியபோது கப்பலில் சரக்கு ஏற இரண்டே நாள் பாக்கி. முதலாளி ஒரு சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், கீழே வைத்தார். “ஒரு கால்தானே போச்சு, நொண்டிக்கிட்டே போகட்டும். ஒட்டுங்க” என்றார். ஒட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. தொட்டிக்காரர்களில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. தூக்குச்சட்டிகள் சுவரோரம் வரிசையாக, மூடி திறக்காமல், வேலை விடுகிற வரைக்கும் அப்படியே இருந்தன. ஈக்கு மட்டும் பசி இருந்தது.

நீளத் தொட்டிகள் நாற்பத்தொன்று, தொட்டிக்கு ஓர் ஆள். முழங்கால் அளவுத் தண்ணீர். கரண்டுச் சக்கரம் ஒன்று அதைச் சுற்றிச் சுற்றித் தள்ளும். சக்கரம் எட்டாத மூலைகளை ஆள் கையால் கலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாசி அடியில் படிந்து அழுகிவிடும். திரண்ட பாசியைத் துணியில் வடித்து, பிசைந்து, நூலாகப் பிழிந்து, காயவைத்து அரைத்தால் பொடி. பொடியை அமுக்கினால் மாத்திரை. சேர்ந்த ஒரு மாதத்தில் முழங்கை வரைக்கும் பச்சை ஏறிவிடும், எந்தச் சோப்புக்கும் இறங்காது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் பக்கத்து ஆள் தள்ளி நிற்பார். வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள்: நூறு கிராமில் அறுபது கிராம் புரதம், ரத்தத்துக்கு இரும்பு, கண்ணுக்குச் சத்து, நரம்புக்குச் சத்து. சோதனை அறையில் இருந்தவர், எல்லோரும் ‘கண்ணாடி’ என்று கூப்பிடுகிறவர், அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் யாராவது கேட்டால் சொல்வார். “அறுபது சரிதான். ஆனா நூறு கிராம் எவன் திங்கிறான்? ஒரு பெரிய ஸ்பூன் திம்பான். அரை முட்டைக்கு வரும். பி பன்னெண்டுன்னு போட்டிருக்காங்களே, அதுல முக்காவாசி உடம்புல ஒட்டவே ஒட்டாது. இரும்பு மட்டும் நெசம்.”

இரும்பு மட்டும் நெசம் என்ற அந்த ஒரு பேச்சுக்காகத்தான் ஏழாம் தொட்டிக்காரி அங்கே வேலைக்கு வந்திருந்தாள். அவளுடைய புருஷன் வெல்டிங் வேலைக்கு வெளியூர் போய், போன இடத்தில் இன்னொரு குடும்பத்தையும் பற்றவைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். மிச்சம் இருந்தது பதினோரு வயது மகள் ஒருத்தி. மகளுக்கு ரத்தம் ஏழுதான் இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. கொடுத்த இரும்பு மாத்திரையை வயிறு வாங்கவில்லை, விழுங்கிய கால்மணி நேரத்தில் வெளியே வந்தது. “பன்னெண்டாவது வரணும்மா. இல்லைன்னா பள்ளிக்கூடத்துப் படியில ஏறும்போதே ஒருநாள் உக்காந்துரும், அப்புறம் எந்திரிக்காது” என்றார். ஏழைப் பன்னிரண்டு ஆக்க வேண்டும். அவள் தலையில் வேறு கணக்கு எதுவும் கிடையாது.

பாசியில் ஒரு சிட்டிகை வெளியே போகக்கூடாது. வாசலில் நகக்கண் வரைக்கும் பார்த்துத்தான் விடுவார்கள். ஆனால் பாசி வடிக்கிற துணிகளைத் துவைக்கக் கம்பெனி தண்ணீர் கொடுக்கவில்லை. அவரவர் வடிதுணியை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து மறுநாள் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே சட்டம். நாள் முழுக்க ஒட்டியதெல்லாம் துணியில் இருக்கும். இதைத் துணி இருந்த நாற்பது பேரும் பல வருடம் சாக்கடையில்தான் அலசி ஊற்றினார்கள். ஏழாம் தொட்டிக்காரிதான் முதலில் யோசித்தாள். அவளுடைய தொட்டிக்குத் துணி கிடையாது, கம்பிச் சல்லடை. அதனால் மற்றவர்களிடம் கேட்டாள். “குடுங்கக்கா, எல்லாத்தையும் நானே தோச்சுக் கொண்டாறேன்.” மூன்றாம் தொட்டிக்காரி விடவில்லை. “என்னடி, சலவைக்கடை வைக்கப் போறியா?” “ஆமாக்கா. உன் புருஷன் சட்டையையும் அனுப்பு, வெளுத்துத் தர்றேன்.” “சட்டை எதுக்கு? ஆளையே அனுப்புறேன், ரெண்டு அலசு அலசி விடு, அதுக்கப்புறமாவது வெளங்குதான்னு பாப்போம்.” நாற்பது துணியும் அன்றிலிருந்து அவள் வீட்டுக்குப் போயின. முதல் அலசுத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, மெல்லிய துண்டில் வடிகட்டி, மகளுக்கு ஒரு டம்ளர். குளத்து வாடையும் ஆணி வாடையும் சேர்ந்து அடிக்கும். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அது வயிற்றில் நின்றது.

பசி கரைய ஆரம்பித்தது அதற்கு அடுத்த மாதம், கால் போன சீட்டை ஒட்டியபோது. கண்ணாடி ஒரு துளியைப் பெரிதாக்கிக் காட்டுகிற கருவிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். சுருள் சுருளாக இருக்கிற பாசி இழைகள் எல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தன. பதிவேட்டில் ‘வாய் திறந்துள்ளது’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார். பசி கிணற்றுத் தண்ணீர் மாதிரிதான் நடந்துகொண்டது. பகலில் தொட்டி இறைத்துக்கொள்ளும், வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்தால் காலையில் ஊறியிருக்கும். ஊற விட்டால் ஊறும். ஏழாம் தொட்டிக்காரி ஊற விடவில்லை. ஒரே ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு அத்தனை துணியை வெளியே கொடுக்க மாட்டோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டதால் இரண்டு ஷிப்ட் பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமையும் தொட்டி கழுவப் போனாள். நாலு மாதத்தில் ஊற்றுக்கண் தூர்ந்துபோனது. அவளுக்கு அது வசதியாகத்தான் பட்டது. அதற்கு முன்னால் வருடக்கணக்காகத் தட்டை மகள் பக்கம் தள்ளிவிட்டு, “எனக்குப் பசிக்கலடி, நீ சாப்பிடு” என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தவள். எந்த அம்மாவும் சொல்கிற பொய். அந்த ஊரில் அந்தப் பொய் மெய்யாகிப்போன முதல் பொம்பளை அவள்தான். நேரம் பார்த்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள், மறந்தால் அதுவும் இல்லை. வருடத்துக்கு மூன்று கிலோ இளைத்தாள்.

கப்பலில் போன புட்டிகளுக்கு ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. கால் போனதைப் பற்றித் திட்டியிருப்பார்கள் என்று நடுங்கிக்கொண்டே பிரித்தார்கள். பாராட்டு. போன இடத்தில் மேசை நிறையச் சாப்பாடு இருந்தது, பசிதான் இல்லாமல் இருந்திருக்கிறது. சத்துக்கு என்று வாங்கி ஒரு மாத்திரை விழுங்கியவர்களுக்கு ஒரு வேளைக்குக் காணுகிற பசி வந்திருக்கிறது. இருபது வருடம் கழித்து வயிறு கத்துவதைக் கேட்டேன், கேட்டு அழுதேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். வெறும் ரொட்டியை நின்றுகொண்டே தின்றேன், அப்படி ஒரு ருசி என்று இன்னொருவர். முதலாளி அச்சுக்கடைக்காரருக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். விட்டுப்போன காலை இனி யாரும் ஒட்டக்கூடாது என்று உத்தரவு போட்டார். வாசல் பலகையில் புரதம், இரும்புக்கு மேலே ‘அசல் பசி’ என்று ஒரு வரி ஏறியது. சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களின் தொட்டி சரக்கு நீர்த்துப்போகிறது என்று கண்ணாடி எழுதிக்கொடுத்ததும் கேன்டீனை மூடினார்கள். சண்டை போட நாற்பத்தொரு பேருக்கும் வாய் வரவில்லை. பசிக்காதவன் கேன்டீனுக்காக எப்படிச் சண்டை போடுவான்?

மகளுடைய ரத்தம் ஏழிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து பதினொன்று. பதின்மூன்று வயதில் பன்னிரண்டைத் தொட்டது. நர்ஸம்மா சீட்டை இரண்டு தடவை பார்த்தார். “என்னம்மா குடுத்த?” “துணி தோச்ச தண்ணி, நர்ஸம்மா.” நர்ஸம்மா சிரித்தார். பிறகு, “பிள்ளை இருக்கட்டும், நீ ஏன் இப்படி ஆயிட்ட? எடை மிஷின்ல ஏறு” என்றார். அவள் ஏறவில்லை. பன்னிரண்டு வந்ததோடு தண்ணீரை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மறுபடி ஏழுக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் நிறுத்தவில்லை. அது ஒன்றுதான் அவள் செய்த தப்பு. அதையும் பயத்தில் செய்தாள். துணியில் இரும்பு மட்டும் ஒட்டியிருக்கவில்லை. மாத்திரையில் வருகிற பசி ஒரு வேளையோடு போய்விடும். வருடக்கணக்கில் தினமும் டம்ளர் டம்ளராகக் குடித்த பசி பிள்ளையின் உடம்பில் வேர் விட்டது. நாற்பது பேர் பசி. தன் தட்டு, அம்மா தட்டு, பானையின் அடி எல்லாம் முடித்துவிட்டுக் கரண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எது யாருடையது என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. “அம்மா, இன்னைக்குப் பதினெட்டாம் தொட்டி அண்ணன் பசி. மொளகாயைக் கடிச்சுக்கிட்டே சாப்பிடணும்போல இருக்கு.” ஒருநாள் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பைத் தின்றாள். அம்மா மறுநாள் போய் இருபத்துமூன்றாம் தொட்டிக்காரியிடம் மெதுவாகக் கேட்டாள், “அக்கா, நாள் தள்ளியிருக்கா?” அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

இந்த நேரத்தில்தான் ஏழாம் தொட்டி சரக்கைப் பற்றிப் புகார் வர ஆரம்பித்தது. முதல் இரண்டு வருடம் நாற்பத்தொரு தொட்டிப் பொடியையும் ஒன்றாகக் கலந்துதான் அமுக்கினார்கள், தெரியவில்லை. பிறகு தரம் பிரிக்கிறேன் என்று, அதுவரை கிடங்கில் தனித்தனியாக எடுத்துவைத்திருந்த மாதிரிச் சரக்கையும் சேர்த்துத் தொட்டி எண் போட்டு விற்றார்கள், தெரிந்துவிட்டது. ஏழாம் எண் மாத்திரையை விழுங்கினால் பசி நன்றாக வருகிறது, ஆனால் சாப்பிட முடியவில்லை. தட்டு முன்னால் உட்கார்ந்தால் கை எழவில்லை. ஒரு அம்மாள் பாதியில் எழுந்துபோய், முப்பத்தைந்து வயது மகனுக்குப் போன் போட்டு, “சாப்பிட்டியா?” என்று கேட்டு, அவன் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் கை எழுந்ததாம். இன்னொருவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே குழந்தைகள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தாராம். கேட்க யாருமே இல்லாத ஒரு கிழவர் சாப்பாடு ஆறிப்போகிற வரை உட்கார்ந்திருந்துவிட்டு, புட்டியைத் திருப்பி அனுப்பினார். முந்நூறு பெட்டி திரும்பி வந்தது.

சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார். “உன் பசியில என்னம்மா கோளாறு?” “என் பசிக்கு என்ன சார் கோளாறு? இத்தனை வருஷம் என்கிட்ட நல்லாத்தானே இருந்துச்சு.” “மத்தவங்க பசியெல்லாம் தட்டைப் பார்த்தா பாயுது. உன்னுது பிள்ளை சாப்பிட்டுச்சா, பிள்ளை சாப்பிட்டுச்சான்னு கேட்டுக்கிட்டு நிக்குது. இதை எவன் வாங்குவான்?” “பின்ன, பிள்ளை சாப்பிடாம எப்படி சார் சாப்பிடுறது?” சூப்பர்வைசருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தன. கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். அப்புறம் ‘குறைபாடுள்ள பசி’ என்று எழுதி, ஏழாம் தொட்டியை வற்றவிட்டு, அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். துணிகளும் நின்றன. பிள்ளையின் பசி நிற்கவில்லை, அதற்கு வேர் பிடித்திருந்தது. அம்மாவின் பசி திரும்பவில்லை, அதற்குக் கண் தூர்ந்திருந்தது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, கிடைத்ததையெல்லாம் மகள் முன்னால் வைத்தாள். அப்படியே நாலைந்து வருடம் போனது. மகள் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தாள். படி ஏறினாள், உட்காரவில்லை. நர்ஸம்மா பிடித்த பிடியில் நர்ஸ் படிப்புக்கு இடமும் கிடைத்தது. இடம் கிடைத்த கடிதத்தைக் காட்டப் போனபோது நர்ஸம்மா அம்மாவைக் குண்டுக்கட்டாகத் தூக்கி எடை மிஷினில் நிறுத்தினார். முப்பத்தொரு கிலோ. “பசி வந்து நீயா சாப்பிட்டாத்தான் உண்டு. இப்படியே போனா மழைக்காலம் தாண்ட மாட்ட” என்றார். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டாள்.

கம்பெனியில் லாரி ஏற்றுகிற மூட்டைக்கார அண்ணனிடம் மகளே போய்க் கேட்டாள். திரும்பி வந்த முந்நூறு பெட்டியும் பின்பக்கத்துக் கொட்டகையில் எலிக்குக்கூட ஆகாமல் கிடந்தது. எலி அதைத் தின்றுவிட்டு மற்ற எலிகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு புட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். “உங்கம்மா சரக்கு உங்கம்மாவுக்குப் போகுது. இதுல திருட்டு என்ன இருக்கு?” அம்மா ஒன்றை விழுங்கினாள். மற்றவர்களிடம் ஒரு வேளை மட்டும் தங்குகிற மாத்திரை அவளிடம் தங்கிவிட்டது. சொந்தப் பசி, வீடு தெரிந்து வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. ஊற்று உடைத்துக்கொண்டு வந்தது. ஆறேழு வருடத்துப் பசி ஒன்றாக வந்ததில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “அய்யோ, பசிக்குதுடி” என்று சிரித்தாள். மகள் ஓடிப்போய்த் தட்டு வைத்தாள், சோறு போட்டாள், குழம்பை ஊற்றினாள். அம்மாவின் கை எழவில்லை.

“நீ சாப்பிடு முதல்ல” என்றாள் அம்மா. மகள் சாப்பிட்டாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு. பானை காலியானது. நாற்பது பேர் பசிக்கு அது வாய் கொப்பளிக்கக்கூடக் காணவில்லை. எனக்குப் போதும் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். பொய்க்கு அந்தப் பசி மசியவில்லை. பிள்ளையின் வயிற்றைத் தன் வயிறு மாதிரி அதற்குத் தெரிந்தது. வீட்டை விட்டு வெளியே போய்ப் பார்த்தாள், தெருமுனையில் ஒளிந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஊட்டிவிட்டுப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. முன்பாவது பசி இல்லாமல், நேரம் பார்த்து நாலு வாய் அள்ளிப் போட முடிந்தது. இப்போது பசி இருந்தது, அந்த நாலு வாயும் போயிற்று. பதினொரு நாள் அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டு, நிறைந்த தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் வயிறு நிரம்பட்டும் என்று காத்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் மகள் தொழிற்சாலை வாசலில் போய் நின்றாள். அதற்கு முந்தின வாரம்தான் பதினெட்டு முடிந்திருந்தது. அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அம்மா படுத்த இடத்திலிருந்து கத்திப் பார்த்தாள். “அந்தத் தொட்டியில நீ கை வைக்கக்கூடாது. உனக்காகத்தான்டி நான் வச்சேன்.” “தெரியும்மா. இப்ப உனக்காக நான் வைக்கிறேன். சாயங்காலம் சண்டை போடு, அதுக்குத் தெம்பு வேணும்ல?” சூப்பர்வைசருக்கு முதலில் ஏழாம் தொட்டிக்காரி மகள் என்று யோசனை. கண்ணாடிதான் ஒரு துளி பார்த்துவிடலாம் என்றார். வற்றிக் கிடந்த தொட்டியில் தண்ணீர் விட்டு, பாசி விதைத்து, மகள் கையை இறக்கினாள். தண்ணீர் உலை மாதிரி குமிழ்விட்டது. கருவிக்கு அடியில் இழைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. கண்ணாடி நிமிராமலே, ‘முதல் தரம்’ என்று எழுதினார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகள் ஒரு தட்டு சாப்பிட்டாள். ஏப்பம் விட்டாள். “போதும்மா” என்றாள். அது உண்மை. அம்மாவின் கை மெதுவாக எழுந்து தட்டுக்குப் போனது. சண்டை போடவில்லை, அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

இப்போது அம்மா நாற்பத்தைந்து கிலோ இருக்கிறாள். மகளுக்கு ரத்தம் பன்னிரண்டரை. கை முழங்கை வரைக்கும் பச்சை. நர்ஸ் படிப்புக் கடிதத்தின் தேதி போய்விட்டது. ஏழாம் எண் புட்டிக்கு ஆறு மாதம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. அதை விழுங்கினால் ஒரு ஆள் நாற்பது ஆள் மாதிரிச் சாப்பிடலாம் என்று பேர். தொட்டி இறைப்பது ஒரு நாளைக்குத்தான் காணும், விடிந்தால் நாற்பது ஊற்றும் ஊறிவிடும் என்பது மகளுக்குத் தெரியும், ஒருநாள்கூட மட்டம் போடுவதில்லை. வாரத்துக்கு ஆறு நாள் வேலை. தொட்டி கழுவுவதை மிஷினுக்கு மாற்றிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை யாரையும் உள்ளே விடுவதில்லை. அன்றைக்கு அம்மா சாப்பிடுவதில்லை.